கோட்டையைப் பெயர்த்த கைகள்

மதுரைக் கோட்டையை இடித்தவர் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் என்றுதான் எங்கள் ஊரில் சொல்லுவோம். அவர் பெயர் ஜான் பிளாக்பர்ன். 1834 முதல் 1847 வரை மதுரையை ஆண்டவர். உத்தரவு அவருடையது. கடப்பாரை யாருடையது? மதிலைப் பெயர்த்து அகழியைத் தூர்க்கிறவருக்கே அந்த இடம் சொந்தம் என்று அறிவித்ததும் திரண்டு போனது எங்கள் முன்னோர்தான். விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு எழுந்ததாகச் சொல்லப்படும் மதில் சில ஆண்டுகளில் தரையோடு தரையானது. அது இருந்த வட்டாரத்தில்தான் இன்றைய வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் இருக்கின்றன. நிலம் அளந்தவர் மாரட், வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. இடித்துக் கொடுத்த கலெக்டருக்கு ஊரார் பணம் போட்டு ஒரு விளக்கும் நிறுத்தினார்கள். கீழமாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேரும் முனையில் இன்றும் நிற்கும் விளக்குத்தூண் அதுதான்.

நெரிசலும் நோயும் மிகுந்த ஊருக்கு அந்த இடிப்பு மூச்சு கொடுத்தது. அதை மறுக்கக் கூடாது. மதில் போனதற்காக இன்று நாங்கள் அழவில்லை. ஆனால் பொதுவில் இருக்கும் ஒரு பழைய கட்டுமானத்தைப் பெயர்த்தால் அது சொந்த நிலமாகும் என்ற கணக்கை இந்த ஊர் அப்போதுதான் கற்றுக்கொண்டது. அதற்குப் பின்னால் அந்தக் கணக்கைப் போட எந்தக் கலெக்டரும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. மாசி வீதிகளின் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுக் கதையை யாரோ வந்து அழித்த கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது கடைக்காரர், வீட்டுக்காரர், வாடகைக்கு இருந்தவர், வெளியே குடிபோனவர், மேடையில் பேசியவர், பத்திரிகையில் எழுதியவர் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது.

வெளியூர்க்காரர்களுக்காக வீதிகளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள். மதிலை ஒட்டிச் சித்திரை வீதிகள். அடுத்த சுற்று ஆவணி மூல வீதிகள், அதற்கடுத்தது மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு திசை. சாமி புறப்பாட்டுக்காக வகுத்த வீதிகள் இவை. முன்பு மாசி மாதத்தில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது ஊர் அறிந்த செய்தி. மாதம் மாறியதே தவிர வீதி மாறவில்லை. திருக்கல்யாணத்துக்கு மறுநாள் காலை, கீழமாசி வீதித் தேர்முட்டியிலிருந்து சுவாமி தேரும் அம்மன் தேரும் கிளம்பி நான்கு மாசி வீதிகளையும் சுற்றி நிலைக்கு வருகின்றன.

வீதிக்கு வீதி வேறு குணம் உண்டு. கீழமாசி வீதி பலசரக்கு மொத்த வியாபாரம். மிளகாய் வற்றல், மல்லி, புளி, வெல்லம் எல்லாம் கலந்த நெடி அந்த வீதிக்கே உரியது. தெற்கு மாசி வீதியில் ஜவுளி. வடக்கு மாசி வீதியில் கடைகளுக்கு நடுவே வீடுகள் வெகுநாள் நிலைத்திருந்தன. மேலமாசி வீதியும் வடக்கு மாசி வீதியும் சேரும் முனையில் பேசாத அரசியல் தலைவர் தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை.

இந்த வீதிகளின் பழைய வீட்டை ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர். தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள், அதற்கும் மேலே செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை, தட்டோடு. தெருப்பக்கம் திண்ணை. திண்ணையை அடுத்து முன்கட்டு, அதில் கடை அல்லது கணக்குப் பார்க்கிற இடம். உள்ளே முற்றம், தாழ்வாரம், சமையல்கட்டு, கிணறு. மேலே மச்சு, தெருவைப் பார்த்த மரத்தாழ்வாரம். கீழே வியாபாரம், மேலே குடித்தனம் என்பதால் ராத்திரியில் வீதி அனாதையாகக் கிடந்ததில்லை. கடை சாத்தின பிறகும் மச்சில் விளக்கு எரிந்தது, திண்ணையில் ஆள் படுத்திருந்தது. யார் வந்தார் யார் போனார் என்பது வீதிக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் முதலில் கைவைத்தது திண்ணையில். அதற்கு நகராட்சி அனுமதி வேண்டியிருக்கவில்லை, யாரும் எதிர்க்கவும் இல்லை. திண்ணை இருந்த நாலடி அகலம் கடைக்கு முகப்பாகும் என்று தெரிந்ததும் உடைத்தோம். அந்த இடத்தில் இரும்பு ஷட்டர் வந்தது. ஷட்டருக்கு வெளியே ஒரு மரப்பலகை, பலகைக்கு முன்னால் மூட்டை, மூட்டைக்கு மேலே தகரப் பந்தல், பந்தலுக்கு முன்னால் விளம்பரப் பலகை. ஐந்தாறு அடி வீதிக்குள் இறங்கிவிட்டோம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர் இறங்கியிருக்கிறார், நாம் மட்டும் உள்ளே இருந்தால் வியாபாரம் போய்விடும் என்று ஒவ்வொருவரும் காரணம் சொன்னோம். அந்தக் காரணம் பொய் இல்லை. ஆனால் வியாபாரிகள் சங்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் ஒரே கோட்டில் நிற்போம் என்று ஒரு தீர்மானம் போட எங்களால் முடிந்திருக்கும். விற்பனை வரிக்காகவும் நுழைவு நேரக் கட்டுப்பாட்டுக்காகவும் கடையடைப்பு நடத்தத் தெரிந்த எங்களுக்கு இதற்குக் கூடத் தோன்றவில்லை.

திண்ணை போனதில் முதலில் அடிபட்டவர் லோடுமேன். மூட்டை இறக்கி முடித்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க இருந்த ஒரே இடம் அது. இப்போது அவர் தட்டுவண்டியின் மேலேயோ குட்டியானையின் சக்கரத்தில் சாய்ந்தோதான் இளைப்பாறுகிறார். ஜவுளிக்கடைக்குள் நாள் முழுக்க நின்ற பெண்கள் உட்காருவதற்கு 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. வருகிறவரும் போகிறவரும் உட்காருவதற்கென்றே வாசலில் மேடை கட்டிய ஊரில், வேலை செய்கிறவருக்கு ஒரு நாற்காலி கொடுக்கச் சட்டம் வர வேண்டிய நிலைமைக்கு வந்திருந்தோம்.

அடுத்தது மச்சு. படித்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் வசதியும் வண்டி நிறுத்த இடமும் உள்ள வீடு வேண்டும் என்று கே.கே. நகர், அண்ணா நகர், திருநகர் என்று போனோம். போனதில் தவறில்லை. முற்றத்து வீட்டில் பெண்களுக்கு இருந்த இருட்டும் கொல்லைக் கடைசியில் இருந்த கக்கூஸும் யாரையும் கட்டிவைக்கிற விஷயமில்லை. போகும்போது மேல்தளத்தைக் கிட்டங்கியாக்கிவிட்டுப் போனோமே, அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு குடும்பம் நடமாடுவதற்கென்று போட்ட உத்திரத்தின் மேல் ஜவுளிப் பொதிகளையும் காகிதக் கட்டுகளையும் கூரை தொட அடுக்கினோம். முன்பு மழைக்கு முன்னால் மச்சில் ஏறித் தட்டோட்டுச் சந்தைக் காரை வைத்து அடைக்க வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கிட்டங்கியில் அப்படி யார் இருக்கிறார்? ஒழுகுகிற தண்ணீர் சுவருக்குள் நுழைந்த உத்திரத்தின் தலையில் போய் நிற்கும். வெளியே தெரிகிற நீளம் முழுக்கக் கெட்டியாகவே இருக்கும், சுவருக்குள் இருக்கிற அந்த முழம்தான் உளுத்துப் போகும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஆள் இல்லை. ஈரம் தெரிந்த இடத்தில் சிமெண்டு பூசினோம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஆகாது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழி இல்லாமல் செங்கல்லையே அரிக்கும். கொத்தனார் சொல்லியிருப்பார், நாங்கள் செலவு குறைந்த வழியைக் கேட்டோம்.

வீதியின் தரையையும் நாங்களே உயரவிட்டோம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளுக்குள் இப்போது இறங்கித்தான் போக வேண்டும். ரோடு போடுகிற ராத்திரி ஒப்பந்தக்காரரிடம் கேட்டிருக்கலாம். ரோடு வந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். அப்புறம் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் தண்ணீர் வாசலைத் தாண்டி முன்கட்டுக்குள் வந்தது.

வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் நடந்த நீண்ட போரைச் சொல்லாமல் இந்த வாக்குமூலம் முடியாது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவரைக் காக்க வந்த நியாயமான சட்டம். மாசி வீதிகளில் அது வேறு விதமாக வேலை செய்தது. தாத்தா காலத்து வாடகையே பேரன் காலத்திலும் ஓடியது. அந்த வாடகையில் ஓர் உத்திரம் கூட மாற்ற முடியாது என்று வீட்டுக்காரர் கைகழுவினார். வாடகைதாரரோ அதே கடையைப் பகடிப் பணம் வாங்கிக்கொண்டு வேறொருவருக்குக் கைமாற்றினார். அவரும் பழுது பார்க்கவில்லை, தன் கட்டடம் இல்லையே. வழக்கு நடந்த ஆண்டுகளெல்லாம் கூரை ஒழுகின ஆண்டுகள்தான். விழுந்தால் காலி செய்ய வைக்கலாம் என்று ஒரு தரப்பும், விழும்வரை இருந்துவிடலாம் என்று மறு தரப்பும் காத்திருந்த கட்டடங்கள் எத்தனை என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். 2019இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பல கட்டடங்களுக்குக் காலம் கடந்துவிட்டது. இதற்கு மேல் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பிகள் ஒரே முற்றத்தைக் குறுக்குச் சுவர் வைத்து நாலாகப் பிரித்துக்கொண்டபோது, வெளிச்சமும் காற்றும் வந்த வழி யாருக்கும் பங்காகக் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 2020 தீபாவளி விடியும் நேரத்தில், விளக்குத்தூண் பக்கம் நவபத்கானா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. பழைய கட்டடம். தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது சுவர் இடிந்து விழுந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் கீழவெளி வீதியில் ராத்திரி ரோந்து போன காவலர் மீது ஒரு பழைய கட்டடம் சரிந்தது. அவரும் பிழைக்கவில்லை. மூவரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள். அந்தக் கட்டடங்களோடு அவர்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவர்கள் இறந்ததும் நாங்கள் சொன்னது என்ன? பழைய கட்டடங்கள் ஆபத்து, இடித்துவிட வேண்டும் என்றோம். மாநகராட்சி சிதிலமடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்து நோட்டீஸ் ஒட்டியது. இடிக்க வேண்டிய கட்டடங்கள் நிச்சயமாக இருந்தன. ஆனால் எந்தச் சுவர் பழசானதால் பலவீனமானது, எது சுமை ஏற்றி, ஒழுகவிட்டு, சிமெண்டு பூசி நாங்கள் பலவீனமாக்கியது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லி ஒருவர் கூட எழுதிக் கொடுக்கவில்லை. இடித்துப் புதிதாகக் கட்ட நெடுநாளாகக் காத்திருந்தவர்களுக்கு அந்த நோட்டீஸ் வசதியாக வந்து சேர்ந்தது. மூன்று பேர் சாவை நாங்கள் இப்படியும் பயன்படுத்திக்கொண்டோம். எழுதக் கூசுகிறது, ஆனாலும் இதுதான் நடந்தது.

புதிதாக எழுந்தது எப்படி எழுந்தது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் உயரமாகக் கட்டக் கூடாது என்று 1997இல் அரசாணை வந்தது. ஊரின் எந்த மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலும் கோபுரங்களே உயரமாக நிற்க வேண்டும் என்பதற்காகப் போட்ட விதி. மாசி வீதிகள் முழுக்க அந்த வட்டத்துக்குள் வருகின்றன. நாலு மாடி, ஐந்து மாடிக் கடைகளும் விடுதிகளும் அங்கேதான் எழுந்தன. வரைபடத்தில் இரண்டு மாடி காட்டி அனுமதி வாங்கியவர், கையெழுத்துப் போட்டவர், சிமெண்டு விற்றவர், அந்த விடுதியில் அறை எடுத்துத் தங்கி மாடியிலிருந்து கோபுரத்தைப் படம் பிடித்தவர் எல்லோரும் இந்த ஊரின் வாழ்க்கையில் கலந்தவர்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குப் போய்த்தான் அந்த விதி இருப்பதையே பலர் தெரிந்துகொண்டார்கள். வழக்குப் போட்டவர்களை வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று டீக்கடையில் பேசினோம்.

குளங்களில் செய்தது இன்னும் பழைய பாவம். புது மண்டபத்துக்கு எதிரே ஏழுகடல் என்று ஒரு குளம் இருந்தது. காஞ்சனமாலை கடலாட விரும்பியதற்காகச் சொக்கநாதர் ஏழு கடல்களையும் அங்கே வரவழைத்தார் என்பது திருவிளையாடல். இன்று அங்கே இருப்பது கடைகள். தெருவுக்கு மட்டும் ஏழுகடல் தெரு என்ற பெயர் நிலைத்துவிட்டது. திருவிளையாடலை ஆண்டுதோறும் கோயிலில் நடித்துக் காட்டுகிற ஊர், அந்தத் திருவிளையாடலில் வந்த குளத்தைத் தூர்த்துக் கடை கட்டியது. டவுன் ஹால் ரோட்டில் கூடலழகர் பெருமாள் கோயில் தெப்பக்குளம் தூரவில்லை. ஆனால் நாலு பக்கமும் கடைகளால் அடைத்தோம். ரயில் நிலையத்தில் இறங்கிக் கோயிலுக்கு நடந்துபோகிறவர் அதை ஒட்டியேதான் போகிறார். அங்கே ஒரு குளம் இருப்பது அவருக்குத் தெரியாது. எங்களில் பலருக்குமே நீதிமன்றத்தில் வழக்கு நடந்து செய்தித்தாளில் படம் வந்த பிறகுதான் தெரிந்தது. மேடை ஏறினால் மதுரைக்காஞ்சி சொல்லும் நாளங்காடி, அல்லங்காடிப் பெருமையைப் பேசுவோம். இரண்டாயிரம் ஆண்டுத் தெருவைப் பற்றி உருகிவிட்டு, காலுக்குக் கீழே இருக்கிற தெருவின் சாக்கடை எங்கே போகிறது என்று கேட்காமல் வீட்டுக்குப் போவோம். அது கிருதுமால் நதிக்குப் போகிறது. நதி என்று நம்ப முடியாத அளவுக்கு அதைக் கெடுத்ததும் ஊர்க்கழிவுதான்.

திருமலை நாயக்கர் மகாலின் கதையிலாவது எங்களுக்குச் சாக்கு உண்டு. அதில் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனவர் சொக்கநாத நாயக்கர் என்பார்கள். இன்று நிற்பது கால்வாசிதான், அதையும் 1866க்கும் 1872க்கும் இடையில் செப்பனிட ஏற்பாடு செய்தவர் நேப்பியர் பிரபு. ஆனால் பத்துத்தூணுக்கு என்ன சாக்கு? நாயக்கர் அரண்மனைப் பகுதியில் எஞ்சி நின்ற பத்துப் பெரிய கருங்கல் தூண்கள். ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அவற்றைச் சுற்றிச் சேலைக்கடைகள் நெருங்கி நெருங்கி, சந்து ஆள் நுழையும் அகலத்துக்குக் குறுகியது. வீட்டில் கல்யாணம் என்றால் அங்கேதான் சேலை எடுப்போம், விலை சகாயம். நிமிர்ந்து பார்த்த பெண் எத்தனை பேர், ஆண் எத்தனை பேர்? தூணுக்கு மேலே மின்கம்பியும் பெயர்ப்பலகையும் கட்டியிருப்பதைப் பார்த்து, இது என்ன என்று கடைக்காரரிடம் கேட்ட வாடிக்கையாளர் அதிகம் இருந்திருந்தால் அந்தச் சந்து இப்படி ஆகியிருக்காது.

எங்களுக்குத் தெரியாது, வழி இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை எங்களால் முடியும் என்று நாங்களே நிரூபிக்கிறோம். சித்திரைத் தேருக்கு முன்னால் மாசி வீதிகளைப் பார்க்க வேண்டும். தகரப் பந்தல் இறங்குகிறது. விளம்பரப் பலகை உள்ளே போகிறது. குறுக்கே போகும் கம்பிகளை மின்வாரிய ஊழியர்கள் அகற்றுகிறார்கள். மூட்டை, வண்டி, தள்ளுவண்டி ஒன்றும் இல்லை. சொல்லவே வேண்டியதில்லை, கடைக்காரரே முதல்நாள் ராத்திரி ஆள் வைத்துப் பிரிக்கிறார். தேர் வரும் நேரத்தில் வீதி தன் முழு அகலத்துக்கு விரிகிறது. எவ்வளவு பெரிய வீதி இது என்று எங்களுக்கே வியப்பாக இருக்கிறது. அந்தத் தேர் இல்லாவிட்டால் மாசி வீதி இன்று முடுக்காகத்தான் இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வீதியின் எல்லையை இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்தது அரசாணை அல்ல, நகரமைப்பு அதிகாரி அல்ல, தேரின் அகலம். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த அன்றே பந்தல்காரரை மறுபடி கூப்பிடுகிறோம். சாமிக்கு ஒரு நாள் விட்டுக்கொடுக்க முடிந்த இடத்தைக் குழந்தையோடு நடந்துபோகிறவருக்கு ஒரு நாள் கூட விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

பிறகு ஸ்மார்ட் சிட்டி வந்தது. 2016 செப்டம்பரில் வந்த பட்டியலில் மதுரை பெயர் இருந்தது. பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டினார்கள். காய்கறிச் சந்தை ஏற்கெனவே மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தது, அது இருந்த வடக்கு ஆவணி மூல வீதி இடத்தில் அடுக்கு வாகன நிறுத்தம் எழுந்தது. மாசி வீதிகளை மாதக்கணக்கில் தோண்டிப்போட்டார்கள். புழுதி கிளம்பியது, குழியில் விழுந்தோம், வியாபாரம் கெட்டது, திட்டினோம். திட்டியதில் நியாயம் இருந்தது. ஆனால் எங்கள் கோபம் முழுவதும் எப்போது மூடுவீர்கள் என்ற ஒரே கேள்வியில் முடிந்துவிட்டது. நடைபாதை எத்தனை அடி, மழைநீர் எங்கே சேரும், பழைய வீடுகளின் வாசல் மட்டம் என்ன ஆகும், மச்சுகளில் மறுபடி ஆட்கள் குடியேற ஏதாவது உதவி உண்டா என்று கேட்கவில்லை. தளம் போட்டு முடித்ததும் நடைபாதையில் முதல் மூட்டையை இறக்கியதும் நாங்கள்தான்.

புது மண்டபத்துத் தையல்காரர்கள் விஷயத்தில் நாங்கள் நடந்துகொண்டதை நினைத்தால் மனம் ஆறவில்லை. திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்கள், பாத்திரக் கடைகள், புத்தகக் கடைகள், மஞ்சள் குங்குமம், வளையல். மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற வாதம் வலுவானது. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் பிடித்த தீக்குப் பிறகு அதை மறுத்துப் பேச முடியவில்லை. கடைக்காரர்களுக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் இடம் கொடுத்தார்கள். பக்கத்தில்தான். ஆனால் கோயிலுக்கு வருகிறவரின் கால் தானாகப் போகும் வழியில் இருப்பதும், தேடிக்கொண்டு படியேற வேண்டிய இடத்தில் இருப்பதும் ஒன்றல்ல. பள்ளிச் சீருடையும் கருப்பசாமிக்கு உடையும் கரகாட்டக்காரருக்குச் சட்டையும் சில மணி நேரத்தில் தைத்துக் கொடுத்தவர்களைத் தேடி நாங்கள் போயிருக்க வேண்டும். கல் தூணுக்காகக் குரல் கொடுத்தவர்கள் தையல்காரரை மறந்தோம், தையல்காரருக்காகப் பேசியவர்கள் தூணை மறந்தோம். இரண்டையும் சேர்த்துப் பேச ஊரில் ஓர் அமைப்பு இல்லாமல் போனது எங்கள் எல்லோருடைய குறை.

இழந்தவற்றில் எல்லாமே பழமை அல்ல என்பதும் மறந்துபோகிறது. 1952இல் பராசக்தி ஓடிய தங்கம் தியேட்டர் பெருமாள் மேஸ்திரி வீதியில் இப்போது இல்லை. 1937இல் வந்த சிந்தாமணி படத்தின் லாபத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் சிந்தாமணி தியேட்டரும் இல்லை. இடிக்கிற சத்தம் கேட்ட வாரத்தில் நினைவுக் கட்டுரைகள் எழுதினோம், நானும் எழுதியவர்களில் ஒருவன். அவை திரை கிழிந்து, மின்விசிறி நின்று, சீட்டு விற்காமல் கிடந்த ஆண்டுகளில் ஒரு பத்திகூட எழுதப்படவில்லை.

மரபுக் கட்டடங்களைக் காக்க ஓர் ஆணையம் அமைக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2012இல் நிறைவேற்றியது. பல ஆண்டுகள் அது ஏட்டில் கிடந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லி மதுரையிலிருந்து ஒரு பெரிய குரல் எழவில்லை. ஜல்லிக்கட்டுக்குத் தமுக்கத்தில் பல்லாயிரம் பேர் திரண்ட ஊர் இது. திரளத் தெரியாதவர்கள் அல்ல நாங்கள்.

மேலமாசி வீதி 251ஏ எண் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி முழு உடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். அங்கே இன்று கதர்க்கடை நடக்கிறது, மேலே காந்தி தங்கிய இடம் நினைவிடமாக இருக்கிறது. நூற்றாண்டின்போது மாலை போட்டோம். மாசி வீதிகளில் பழைய மச்சு ஒன்று எதற்குப் பயன்படும் என்று கேட்பவருக்கு அந்த வீட்டைக் காட்டலாம்: கீழே வியாபாரம் நடக்கிறது, மேலே ஆட்கள் ஏறிப் பார்க்கிறார்கள், கட்டடம் நிற்கிறது. கவனித்தால் நிற்கும்.

நான்கு மாசி வீதிகளிலும் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு வீடுகள் எவை என்று ஒரு பட்டியல் வேண்டும். வாசல் வாசலாகப் போய்க் கதவு எண், கூரையின் நிலை, மேலே என்ன அடுக்கியிருக்கிறது, யார் பெயரில் பத்திரம், வழக்கு உண்டா என்று எழுத வேண்டும். அரசு எழுதட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. வியாபாரிகள் சங்கங்களிடம் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, கட்டடக்கலை படிக்கிற மாணவர்கள் ஊரில் இருக்கிறார்கள். வீட்டுக்காரரும் வாடகைதாரரும் பழுதுச் செலவில் ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் கோயில் திருப்பணிகளில் இன்னும் வேலை செய்கிறார்கள். தெரு வீட்டுக்கு அவர்களை நாங்கள்தான் கூப்பிடவில்லை. முதல் வேலை மேலே இருக்கும் பாரத்தை இறக்குவது. ஐப்பசி மழைக்கு முன்னால் பொதிகளை இறக்கி, உத்திரத்தின் தலையைத் தட்டிப் பார்க்க வேண்டிய மச்சுகள் கீழமாசி வீதியிலேயே வரிசையாக இருக்கின்றன.